ஒரு பெண்ணிடம் கேட்ட கேள்வி

1943ஆம் ஆண்டு. சீனத்தின் வடமேற்கே கான்சு மாகாணத்தில் ஹுவாசி என்றொரு வட்டாரம். மஞ்சள் மண் மேடுகளைக் குடைந்து அதற்குள் குடியிருக்கும் ஏழைக் குடியானவர்களின் பூமி. அப்போது அது கம்யூனிஸ்டுகளின் ஆட்சியில் இருந்த எல்லைப் பகுதி. அங்கே ஒருவர் தன் மகளை, அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோதே, வேறொரு குடியானவரின் இரண்டாவது மகனுக்குப் பேசி முடித்திருந்தார். பெண் வளர்ந்து ஆளானாள். அதற்குள் ஊரில் பரிசப் பணம் ஏறிவிட்டிருந்தது. பழைய பேச்சை முறித்துவிட்டு, கூடுதலாகத் தருகிற இடத்தில் கொடுத்துவிடலாம் என்று தகப்பன் முடிவெடுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. திருமணத்தில் சுதந்திரம் என்று புது அரசாங்கம் சொல்கிறது, ஆகவே சிறு வயதில் பேசிய சம்பந்தம் செல்லாது என்றார். பெண்ணின் விடுதலைக்காக வந்த சொல் முதலில் போய்ச் சேர்ந்தது தகப்பன் கையில்தான்.

பையன் வீட்டார் சும்மா இருக்கவில்லை. இருபது பேர் திரண்டு போய் ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்ணைத் தூக்கிவந்து கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். வழக்கு வட்டார நீதிமன்றத்துக்குப் போனது. கல்யாணம் செல்லாது, பையனின் தகப்பனுக்குச் சிறை என்று தீர்ப்பானது. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண் அதை ஏற்கவில்லை. அவள் அந்தப் பையனை ஏற்கெனவே ஒரு விசேஷத்தில் பார்த்திருந்தாள், பிடித்திருந்தது. மலைப்பாதையில் வெகுதூரம் நடந்துபோய் மா ஷிவூ என்ற மேல்நீதிபதியிடம் முறையிட்டாள். அவர் ஊருக்கே வந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். ஊரைக் கூட்டி உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடமே யாரைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று கேட்டார். அவள் சொன்னாள். கல்யாணம் பதிவானது. தூக்கிப்போனதற்குப் பையன் வீட்டாருக்கும் தண்டனை, மகளை விற்கப் பார்த்ததற்குத் தகப்பனுக்கும் தண்டனை. பின்னாளில் இந்தக் கதை ‘லியூ சியாவோயெர்’ என்ற பெயரில் மேடை நாடகமாகி, 1956இல் திரைப்படமாகி, சீனம் முழுக்கப் பரவியது.

சீனப் புரட்சியைப் பற்றி எப்போது யோசித்தாலும் என் மனம் வந்து நிற்கும் இடம் இந்த ஊர்க்கூட்டம்தான். நீண்ட பயணத்தையும் தியானன்மென் மேடையையும்விட இது எனக்குப் பெரிதாகப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பெண்ணிடம் கேட்கப்படாத கேள்வி அன்று ஊரார் நடுவே கேட்கப்பட்டது.

கேட்கப்படாததற்குக் காரணம் இருந்தது. சீனத்தில் ‘சியாவ்’ என்றொரு சொல். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமை, பணிவு, நன்றி எல்லாம் அதற்குள் அடக்கம். அதை எழுதும் எழுத்தைப் பார்த்தாலே பொருள் விளங்கும்: மேலே முதியவர், கீழே பிள்ளை. முதியவரைப் பிள்ளை தாங்கி நிற்கும் சித்திரம் அது. கன்பூசியஸ் வழியில் வந்தவர்கள் நாட்டையே இந்த எழுத்தின்மீது நிறுத்தினார்கள். நல்ல மகன்தான் நல்ல குடிமகன். அரசன் மக்களுக்குத் தகப்பன், தகப்பன் வீட்டுக்கு அரசன். குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த ‘இருபத்து நான்கு நன்மக்கள்’ கதைத் தொகுப்பில் குவோ சூ என்பவர் வருகிறார். வீட்டில் சோறு போதவில்லை, கிழட்டுத் தாய் தன் பங்கைப் பேரனுக்குத் தந்துவிடுகிறாள் என்பதால், தன் பச்சைப் பிள்ளையை உயிரோடு புதைக்கக் குழி தோண்டினார் அவர். குழியில் பொன் கிடைத்தது, பிள்ளை பிழைத்தது. படம் போட்ட அந்தப் புத்தகத்தைச் சிறுவனாக இருந்தபோது படித்துவிட்டுத் தான் பயந்துபோனதை எழுத்தாளர் லூ ஷுன் 1926இல் எழுதியிருக்கிறார். அவருடைய வீடும் அப்போது நொடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் பாட்டி இருந்தாள். அப்பா குவோ சூவைப்போல நல்ல மகனாகிவிட்டால், புதைபடப்போவது தான்தானே என்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த அறத்தின் அடியில் யார் கிடக்கிறார்கள் என்பதைக் குழந்தையின் பயத்தைக்கொண்டே அவர் காட்டிவிட்டார்.

1919 நவம்பரில் ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், கல்யாணப் பல்லக்குக்குள் ஒரு மணப்பெண் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தாள். வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காது என்று சொல்லியும் பார்த்திருந்தாள். மாவோ அப்போது அந்த நகரில் இருந்த இளைஞர். உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். பெண்ணின் பெற்றோர், மாப்பிள்ளை வீட்டார், சுற்றியிருக்கும் சமூகம் என்று மூன்று பக்கமும் கம்பி வேலி, நடுவில் அவள் என்பது அவர் வாதம். அவருக்கே பதினான்கு வயதில் வீட்டார் ஒரு பெண்ணைக் கட்டிவைத்திருந்தார்கள். அவளோடு அவர் ஒருநாளும் குடும்பம் நடத்தவில்லை, அவள் சில ஆண்டுகளில் இறந்துபோனாள். பல்லக்கில் இறந்தவளுக்காக அவ்வளவு எழுதியவர் இவளுக்காக எழுதியிருந்தால் சீனப் பெண்ணின் கதை இன்னும் முழுமையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். லூ ஷுனும் தாய் முடித்துவைத்த கல்யாணத்தை 1906இல் ஏற்றுக்கொண்டவர்தான். அந்த மனைவி கணவன் இருந்தும் இல்லாதவளாக மாமியாரைப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்து 1947இல் இறந்தார். பழைய குடும்பத்தை உடைக்கப் புறப்பட்ட முதல் தலைமுறையின் வீடுகளில் இப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்கள். எந்தக் கேள்வியும் அவர்களை எட்டவில்லை.

நாவலாசிரியர் பா ஜின் தன் ‘குடும்பம்’ நாவலை 1931இல் ஷாங்காய்ப் பத்திரிகை ஒன்றில் தொடராக எழுதத் தொடங்கினார். செங்டூ நகரத்துப் பெரிய வீடு, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தாத்தா, மூன்று பேரப்பிள்ளைகள். மூத்தவன் தாத்தா சொல்லுக்கு மறுபேச்சுப் பேசாமல் காதலையும் படிப்பையும் இழந்து, கடைசியில் மனைவியையும் பறிகொடுக்கிறான். இளையவன் வீட்டைவிட்டு வெளியேறுகிறான். மூத்தவனுக்கு மாதிரி பா ஜின்னின் சொந்த அண்ணன். தம்பி எழுதுவதைப் படித்தாவது அண்ணன் விழித்துக்கொள்வார் என்ற ஆசை பா ஜின்னுக்கு இருந்தது. தொடர் அச்சில் வரத் தொடங்கிய அதே நேரத்தில், அதன் ஒரு வரியையும் படிக்காமல், அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகும் பா ஜின் எழுதி முடித்தார். அந்த நாவலைப் படித்து வீட்டைவிட்டுப் போன இளைஞர்களும் இளம்பெண்களும் எத்தனையோ பேர். பலர் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனானுக்குப் போனார்கள்.

யெனான் அவர்களுக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடவில்லை. 1942இல் மகளிர் தினத்தை ஒட்டி அங்கிருந்த எழுத்தாளர் டிங் லிங் எழுதிய கட்டுரை அதைச் சொன்னது. புரட்சியின் தலைநகரத்தில் ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டாலும் பேச்சு, செய்துகொள்ளாவிட்டாலும் பேச்சு. பிள்ளையை வளர்த்தால் பின்தங்கியவள், வளர்க்காவிட்டால் இரக்கமற்றவள் என்று அவர் அடுக்கினார். கட்சி அவரைக் கண்டித்தது. அவரும் தன் தவறை ஒப்புக்கொள்வதாகச் சொல்ல வேண்டிவந்தது. ஹுவாசியில் ஊரார் நடுவே ஒரு பெண்ணை வாய் திறக்கச் சொன்னதற்கு ஓராண்டு முன்னால், யெனானில் இன்னொரு பெண்ணின் வாயை மூடியிருக்கிறார்கள். இரண்டையும் செய்தது ஒரே கட்சி.

மக்கள் குடியரசு பிறந்த ஏழாவது மாதம், 1950 மே 1 அன்று, திருமணச் சட்டம் வந்தது. நிலச் சட்டமே அதற்குப் பின்னால்தான். பெற்றோர் முடித்துவைக்கும் கட்டாயக் கல்யாணம், வைப்பாட்டி, பால்ய சம்பந்தம், பரிசப் பணம், விதவை மறுமணத்தைத் தடுப்பது எல்லாம் தடை செய்யப்பட்டன. ஆணுக்கு 20, பெண்ணுக்கு 18 என்று வயது வரம்பு. பச்சிளம் சிசுக்களைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்வதைத் தடைசெய்யவே ஒரு வாசகம் தேவைப்பட்டது என்றால், அந்தச் சட்டம் எப்படிப்பட்ட வீடுகளுக்குள் நுழைய வேண்டியிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் கேட்டாலும் விவாகரத்து தர வேண்டும் என்று கட்சியின் மகளிர் தலைவர்களில் ஒருவரான டெங் யிங்சாவ் வாதாடினார். கிராமங்களில் மக்கள் அதற்குக் கல்யாணச் சட்டம் என்று பெயர் சொல்லவில்லை, விவாகரத்துச் சட்டம் என்றார்கள். 1953இல் மட்டும் 11 லட்சத்துக்கு மேற்பட்ட விவாகரத்து வழக்குகள்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பரிசம் கொடுத்துக் கட்டிவந்தவள் விட்டுப்போவதைக் கணவன் வீடு பொறுக்கவில்லை. மகன் கல்யாணத்துக்குக் கடன்பட்ட மாமியாரும் பொறுக்கவில்லை. கிராமத்துக் கட்சிக்காரர்கள் பலர் அதே வீடுகளின் பிள்ளைகள்தாம். மனு கொடுக்க வந்த பெண்களை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கொல்லப்பட்டவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் ஆண்டுக்கு 70,000 பேருக்கு மேல் என்று அரசுத் தரப்பே கணக்குச் சொன்னது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 1953 மார்ச் மாதம் முழுவதும் நாடெங்கும் சட்டத்தை விளக்கும் இயக்கம் நடத்தினார்கள். அதன்பின் அரசு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. குடியானவன் துப்பாக்கி தூக்கியது நிலத்துக்காகவும் தனக்கென ஒரு குடும்பத்துக்காகவும். நிலத்தைக் கொடுத்த கையாலேயே அவன் மனைவியை விடுவித்தால் அவன் திரும்பிவிடுவான் என்ற பயம். போர்வீரனின் மனைவி அவன் சம்மதமின்றி விவாகரத்து கேட்க முடியாது என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. அவளிடம் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரைக் காப்பாற்ற வேண்டும் என்பது. பழைய அறத்தை அடியோடு வெட்டிய சட்டம் இந்த வேரை மட்டும் விட்டுவைத்தது. அன்று நகரத்துத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் இருந்தது, கோடிக்கணக்கான குடியானவர்களுக்கு இருக்கவில்லை. வயதானால் மகன்தான் கதி. மகள் வேறு ஊருக்குப் போய்விடுவாள் என்பதால் மகனே வேண்டும். 1958இல் வந்த குடிப்பதிவு முறை மக்களை அவரவர் ஊரிலேயே கட்டிப்போட்டது. ஒரே வம்சத்து ஆண்கள் ஒரே ஊரில் தங்கினார்கள், வெளியூரிலிருந்து மருமகள்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னோர் மண்டபம் பள்ளிக்கூடமாகவும் தானியக் கிடங்காகவும் மாறியது, ஆனால் வம்சம் ஊரில் அப்படியே இருந்தது. கூட்டுப் பண்ணையில் பெண் ஒரு முழு நாள் உழைத்தாலும் ஆணைவிடக் குறைந்த உழைப்புப் புள்ளிகளே எழுதினார்கள். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்துத் தருவதும் குடும்பத் தலைவன் கையில்தான். 1958இன் பொதுச் சமையற்கூடங்கள் வீட்டு அடுப்பையே அணைத்துப் பார்த்தன, வீட்டுச் சட்டிகள்கூட இரும்பு உருக்கப் போயின. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்கள் செத்த பிறகு 1961இல் அந்தக் கூடங்கள் கலைந்தன, அடுப்புகள் வீடுகளுக்குத் திரும்பின.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். பெண்ணிடம் யார் வேண்டும் என்று கேட்ட அதே இடத்திலிருந்து, இருபது ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளிடம் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது: நீ யார் பக்கம்? அதற்கும் ஊரார் நடுவேதான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் இருக்கவும் வழியில்லை.

நிலச் சீர்திருத்தத்தின்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வர்க்க முத்திரை குத்தியிருந்தார்கள். நிலப்பிரபு, பணக்காரக் குடியானவன், ஏழைக் குடியானவன் என்று. நிலம் பறிபோய் எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் முத்திரை போகவில்லை. அது பிள்ளைக்கு வந்தது, பிள்ளையின் பிள்ளைக்கும் வந்தது. தகப்பன் வழியாக வந்தது, தாய் வழியாக வரவில்லை. வம்சத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் வம்சத்தின் விதியையே எடுத்துத் தங்கள் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். கலாச்சாரப் புரட்சியின் தொடக்கத்தில் செங்காவலர்கள் என்ற மாணவர் படையினர் கூவிய முழக்கமும் அதைத்தான் சொன்னது: வீரனின் மகன் வீரன், துரோகியின் மகன் துரோகி. யூ லுவோகெ என்ற இளைஞர் இதை எதிர்த்து எழுதினார். பெற்றோர் வலதுசாரிகள் என்று முத்திரை குத்தப்பட்டதால் கல்லூரியில் இடம் கிடைக்காதவர். மனிதனை அவன் செய்கையை வைத்து எடைபோட வேண்டும், பிறப்பை வைத்து அல்ல என்ற அவருடைய கட்டுரை 1967 ஜனவரியில் பெய்ஜிங்கில் ஒரு மாணவர் பத்திரிகையில் வந்து கைக்குக் கை பரவியது. 1970 மார்ச் 5 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27.

முத்திரை விழுந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரே வழிதான் காட்டப்பட்டது: கோடு கிழித்துக்கொள். தகப்பனுக்கும் உனக்கும் நடுவே கோடு கிழி, அதை எல்லோரும் பார்க்கும்படி கிழி. தலைவர் மாவோ தாயையும் தந்தையையும்விட நெருக்கமானவர் என்று பள்ளிக்கூடங்களில் பாடினார்கள். குடியரசுத் தலைவராக இருந்த லியூ ஷாவோசியின் மகளே தகப்பனைக் கண்டித்துச் சுவரொட்டி எழுத வேண்டியிருந்தது. அன்ஹுய் மாகாணத்தில் ஒரு சிற்றூர். 1970 பிப்ரவரியில் ஒரு தாய் வீட்டுக்குள் துணி துவைத்துக்கொண்டே, தலைவரைத் தெய்வமாக்கியது தப்பு என்று சொன்னாள். பதினாறு வயது மகன் எழுந்துபோய்ப் புகார் எழுதிக் கொடுத்தான். கணவனும் அவளைக் காட்டிக்கொடுத்தான். இரண்டு மாதத்துக்குள் அவளைச் சுட்டுக் கொன்றார்கள். பத்தாண்டு கழித்து அவள் குற்றமற்றவள் என்று நீதிமன்றம் சொன்னது. 2013இல் அந்த மகன், அறுபதைத் தொடும் வயதில், நாடறிய மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பையனைக் கொடியவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘சியாவ்’ என்ற சொல்லை அவன் நெஞ்சிலிருந்து யாரும் பிடுங்கிவிடவில்லை. தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை வேறொரு தகப்பனுக்குச் செய்தான், அவ்வளவுதான். குழி தோண்டிய குவோ சூவும் அவனும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். அன்பைவிடக் கடமை பெரிது, கடமை என்ன என்பதை மேலே இருப்பவர் சொல்வார் என்பதே அந்தப் பாடம். பழைய குடும்பத்தின் மிகக் கெட்ட பகுதியைப் புரட்சி விட்டுவைத்தது. மிக நல்ல பகுதியைத்தான் அது சந்தேகப்பட்டது.

அந்த நல்ல பகுதி எது என்று புரட்சிக்கும் தெரிந்தே இருந்தது. அக்காலத்தில் அனுமதிக்கப்பட்ட சில மேடைப் படைப்புகளில் ‘சிவப்பு விளக்கு’ ஒன்று. பாட்டி, அப்பா, மகள் என்று மூன்று தலைமுறை. கதை நடுவில் பாட்டி பேத்தியிடம் உண்மையைச் சொல்கிறாள். மூவரும் மூன்று குடும்பத்தவர்கள், ரத்த உறவு இல்லாதவர்கள். 1923இல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சுற்றத்தைப் பறிகொடுத்துச் சேர்ந்து வாழ்பவர்கள். தமிழில் பெரியப்பா, சித்தப்பா என்று பிரித்துச் சொல்வதுபோலச் சீனத்திலும் தகப்பனின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மா வழிக்கு வேறு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய இடமும் மரியாதையும் உண்டு. அந்த நாடகத்துப் பெண் வீட்டுக்கு வந்துபோகும் தலைமறைவுத் தோழர்களை முறை வைத்து மாமா என்றே அழைக்கிறாள். புது உறவைச் சொல்ல வந்த நாடகத்துக்கும் பழைய உறவின் சொற்களே வேண்டியிருந்தன. மனம் உருகுவதற்கு அவற்றை விட்டால் வேறு சொல் சீனர்களிடம் இல்லை.

வீடுகளுக்குள்ளும் இது நடந்துகொண்டிருந்தது. கட்சித் தலைவர்களில் ஒருவரான டெங் சியாவோபிங்கின் மகன் 1968இல் செங்காவலர்களின் துன்புறுத்தலுக்கு இடையே பல்கலைக்கழக மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பதவி பறிக்கப்பட்ட டெங் ஜியாங்சியில் ஒரு டிராக்டர் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1971இல் மகனை அங்கே அழைத்துக்கொண்டார். அறுபத்தாறு வயதுத் தகப்பன் மகனைத் திருப்பிப் போட்டு, உடம்பு துடைத்து, குளிப்பாட்டினார். பிள்ளை கீழே, முதியவர் மேலே என்ற அந்த எழுத்து அந்த அறையில் தலைகீழாக நின்றது.

கடைசியாக ஷாங்காயில் ஒரு வீடு. மொழிபெயர்ப்பாளர் ஃபூ லெய். ரோமன் ரோலந்தையும் பால்சாக்கையும் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். மூத்த மகன் ஃபூ ட்சுங்கைச் சிறு வயதில் அடித்து வளர்த்தவர். 1954இல் மகன் பியானோ படிக்கப் போலந்துக்குப் போக வீட்டைவிட்டுக் கிளம்பியதும், அந்த அடிகளுக்காக வருந்தி அவனுக்குக் கடிதம் எழுதினார். மகனிடம் மன்னிப்புக் கேட்ட தகப்பன். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் அப்படி மாறியதை நான் புரட்சிகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். யாரும் கட்டளையிடாமல் நடந்த புரட்சி. 1958இல் அவர் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார். அதே ஆண்டில் மகன் லண்டனுக்குப் போய்விட்டார். 1966 ஆகஸ்ட் கடைசியில் செங்காவலர்கள் வீட்டுக்குள் புகுந்து நாள்கணக்கில் சோதனை போட்டு அவமானப்படுத்தினார்கள். செப்டம்பர் 3 விடியலில் ஃபூ லெய்யும் மனைவி சூ மெய்ஃபூவும் தூக்கில் தொங்கினார்கள். ஒரு உறையில் 53 யுவானும் சில்லறையும் வைத்து, தங்களை எரிக்க ஆகும் செலவு என்று எழுதியிருந்தார்கள்.

மூத்த மகன் நாட்டில் இல்லை. இளையவர் வரக்கூடிய நிலையில் இல்லை. உரிமை கோரி யாரும் வராத சாம்பல் போன இடம் தெரியாமல் போய்விடும். அப்போது ஒரு இளம்பெண் அந்தச் சுடலைக்கு வந்தாள். ஃபூ லெய்யை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருடைய மொழிபெயர்ப்புகளைப் படித்தவள், அவ்வளவுதான். சீனத்தில் ‘கான் நுயர்’ என்றொரு உறவு உண்டு. பெறாமல், சட்டப்படி தத்தெடுக்காமல், மகள் என்று மனதார ஏற்றுக்கொண்ட பெண். இறந்தவர்களுக்குத் தான் அந்த முறை என்று அவள் அங்கே சொன்னாள். சாம்பலை வாங்கிப் பத்திரப்படுத்தினாள். ஃபூ லெய் நாட்டை நேசித்தவர் என்று பிரதமர் சூ என்லாய்க்குப் பெயர் போடாமல் ஒரு கடிதமும் எழுதினாள். அதற்காகப் பிடிபட்டு விசாரிக்கப்பட்டு, பல ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தாள்.

1979 ஏப்ரல் 26 அன்று ஷாங்காயில் ஃபூ லெய்க்கும் சூ மெய்ஃபூவுக்கும் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. லண்டனிலிருந்து மகன் வந்திருந்தார். அவர் வணங்குவதற்குச் சாம்பல் இருந்தது.